வைக்கோலின் விலையும் வழியின் தூரமும்

மாட்டுக்கு இடும் உலர்ந்த தீவனத்திற்கு நம் நாட்டில் வழங்கும் பெயர்கள் பல. தமிழ்நாட்டு ஆற்றுப் பாசனப் பகுதிகளில் அது வைக்கோல். மானாவாரிச் சீமையில் அது சோளத்தட்டை. பஞ்சாபில் கோதுமைத் தாளை நுணுக்கிச் சேர்த்து வைப்பதைத் 'தூடி' என்பர்; அதனையே உத்தரப் பிரதேசத்தார் 'பூசா' என்பர். மராத்தியர் சோளத்தட்டையைக் 'கடபா' என்றும், தெலுங்கர் 'சொப்ப' என்றும் வழங்குவர். வங்காளத்தில் நெல்லின் தாள் 'பிசாலி' எனப்படும். தாயகத்தை விட்டு இம்மாநிலங்களில் குடியமர்ந்துள்ள நம்மில் பெரும்பாலோர் இப்பொழுது மாடு வளர்ப்பதில்லை. ஆயினும் நாள்தோறும் காலையில் நாம் வாங்கும் பாலின் விலையில் இப்பொருளின் விலை அடங்கியிருக்கிறது. ஆதலின், வைக்கோல் ஓரிடத்தில் தீ மூட்டுவதற்கும் மற்றோரிடத்தில் பொன்போல் போற்றுவதற்கும் உரியதாக விளங்குவது ஏன் என்று ஆராய்வது நமக்குப் பயனுள்ளதாகும். அதன் வரலாறு, நம் நாட்டுப் பஞ்சங்களின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியுமாகும்.

முதற்கண், தீவனத்தின் விலையை இடத்துக்கு இடம் ஒப்பிடுவதே எளிதன்று. தானியத்தைப் படியால் அளந்த நாட்களிலும் சரி, கிலோவால் நிறுக்கும் இந்நாட்களிலும் சரி, ஓரூர் விலையை மற்றோரூர் விலையோடு ஒருவாறு ஒத்துப் பார்க்கலாம். தீவனத்திலோ அளவே வேறு வேறு. மகாராஷ்டிரத்தில் கடபாவை நூறு கட்டுக்கு இன்ன விலை என்று பேசுவார்கள். அக்கட்டுக்குப் 'பேண்டி' என்று பெயர். வங்கத்தில் வைக்கோலை எண்ணி விற்பது மரபு. 80 முடி கொண்டது ஒரு 'பண்'. 16 பண் கொண்டது ஒரு 'காஹன்'. ஆகவே ஒரு காஹன் என்பது 1,280 முடியாகும். பஞ்சாபில் குவிண்டால் கணக்கு. தமிழ்நாட்டில் முன்னாளில் வண்டிப் பாரக் கணக்கு, இந்நாளில் இயந்திரம் சுருட்டிக் கட்டித் தரும் உருளைக் கட்டுக் கணக்கு. முடியின் பருமனும் கட்டின் இறுக்கமும் ஊருக்கு ஊர் மாறுபடுவதால், விலை உயர்ந்ததா, கட்டு சிறுத்ததா என்று அறிவதற்கே அனுபவம் வேண்டும்.

அளவு ஒருபுறமிருக்க, விலை வேற்றுமைக்கு அடிப்படையான காரணம் இப்பொருளின் பருமன். ஒரு சிறு கணக்கைக் காண்போம். நாளொன்றுக்கு 6 கிலோ உலர்தீவனம் தின்னும் ஒரு மாட்டுக்கு ஆண்டொன்றுக்கு 2,190 கிலோ வேண்டும். ஐவர் கொண்ட குடும்பம் ஒன்று, ஆளுக்கு மாதம் 12 கிலோ வீதம் தானியம் உண்டால், அதன் ஆண்டுத் தேவை 720 கிலோ. ஆக, ஒரே ஒரு மாட்டின் தீவனம் எடையிலேயே ஒரு குடும்பத்தின் தானியத்தைப் போல் மும்மடங்காகிறது. அடைக்கும் இடமோ அதனினும் பன்மடங்கு.

இனி, இதனை வண்டியில் ஏற்றிச் செல்வதை எண்ணிப் பாருங்கள். அரை டன் வைக்கோல் ஏற்றிய ஒரு மாட்டுவண்டி, பத்து நாட் பயணத் தொலைவிலுள்ள ஊருக்குப் போய்த் திரும்புவதாகக் கொள்வோம். இழுக்கும் மாடுகள் இரண்டும் நாள்தோறும் 12 கிலோ தின்னுமாயின், இருபது நாட்களில் 240 கிலோ தீர்ந்துவிடும். ஏற்றிய பாரத்தில் ஏறக்குறைய பாதியை இழுத்தவையே உண்டுவிட்ட பிறகு, வண்டிக்காரன் எந்த விலைக்கு விற்றாலும் அவனுக்குக் கட்டாது. தானியத்துக்கு ரயில் வருவதற்கு முன்பே நெடுந்தொலைவு வாணிகம் இருந்தது. பொதிமாட்டு வணிகர் அதனை நாடெங்கும் கொண்டு சென்றனர். உலர்புல்லுக்கு அவ்வாறு நெடுந்தொலைவு வாணிகம் வளராமைக்கு இக்கணக்கே காரணம்.

எனவே பழங்காலத்தில் புல் மாட்டைத் தேடிச் செல்லவில்லை. மாடே புல்லைத் தேடிச் சென்றது. மேற்கு ராஜஸ்தானத்து மார்வார்ப் பகுதியில் மழை பொய்த்தால், மக்கள் மந்தைகளை ஓட்டிக்கொண்டு மாளவத்துக்கும் பிற பகுதிகளுக்கும் செல்வது நெடுநாளைய வழக்கம். கட்சு, சௌராஷ்டிரப் பகுதிகளின் மால்தாரிகளும் அவ்வாறே இடம்பெயர்ந்து வாழ்ந்தனர். எங்கும் செல்ல இயலாதோர் உள்ளூர் மரத்தை நம்பினர். அந்நாட்டில் 'கேஜடி' எனப்படும் வன்னி மரத்தின் இலையை உலர்த்தி, 'லூங்' என்ற பெயரில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் இடுவது இன்றும் உண்டு. ஜெய்சல்மேர்ப் பகுதி மணற்பரப்பில் விளையும் சேவண் என்னும் புல்லும் இவ்வாறே அந்நிலத்து மாடுகளின் ஆதாரமாக விளங்கி வருகிறது.

பஞ்சம் என்ற ஒரே சொல் ராஜஸ்தானத்து மக்களுக்குப் போதவில்லை. அவர்கள் அதனை வகைப்படுத்தினர். தானியம் இல்லாவிடில் 'அன்னகால்', நீர் இல்லாவிடில் 'ஜலகால்', புல் இல்லாவிடில் 'த்ருணகால்'. மூன்றும் ஒருங்கே நேரின் 'திரிகால்'. 1868-69-ஆம் ஆண்டுகளில் ராஜபுதனத்தைத் தாக்கியது அத்தகைய திரிகாலமே. புல்லின்மையைத் தனியொரு பஞ்சமாக எண்ணிப் பெயரிட்ட அம்மக்களின் அறிவு பெரிது. தானியம் தீர்ந்தால் வெளியூரிலிருந்து தருவிக்கலாம். புல் தீர்ந்தால் தருவிக்க முடியாது என்னும் அனுபவம் அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

ரயில் வந்தபின் இந்நிலை மாறும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஒருவாறு மாறவும் செய்தது. ஆனால் எவ்வளவு குறைவாக மாறிற்று என்பதை 1899-1900-ஆம் ஆண்டுப் பஞ்சம் காட்டியது. விக்கிரம ஆண்டு 1956-இல் நேர்ந்தமையால் அது 'சப்பனியா', அதாவது ஐம்பத்தாறாம் ஆண்டுப் பஞ்சம், என்று இன்றும் ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் நினைவுகூரப்படுகிறது. கேடா, பஞ்சமகால், பரூச், அகமதாபாத் ஆகிய குஜராத்து மாவட்டங்கள் அதுவரை பெரும்பஞ்சத்தை அதிகம் அறியாத செழிப்பான பூமி. அவ்வாண்டில் அங்கே தானியம் மட்டுமன்றிப் புல்லும் அடியோடு பொய்த்தது.

தானியம் ரயிலில் வந்தது. விலை கடுமையாக ஏறினும், பணமுடையோர் வாங்கும் அளவுக்குக் கடைகளில் அது கிடைத்தது. தீவனமோ அவ்வாறு வரவில்லை. பம்பாய் மாகாணத்து வனத்துறை காடுகளில் புல்லை அறுத்துக் கட்டி அனுப்ப முயன்றது. ஆயினும் ஒரு ரயில் வண்டி கொள்ளும் தானியம் பல்லாயிரவர்க்குப் பல நாட்களுக்குப் போதுமெனில், அதே வண்டி கொள்ளும் புல் ஒரு சில கிராமங்களின் மந்தைக்குச் சில நாட்களுக்கே போதும். இதனோடு இருப்புப்பாதையின் அகலமும் ஒரு தடையாயிற்று. பம்பாயிலிருந்து வந்த அகலப்பாதை அகமதாபாத்தில் முடிந்தது. அங்கிருந்து ராஜபுதனத்துக்குச் சென்றது மீட்டர் பாதை. நெல்மூட்டையை ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்கு மாற்றுவது சில மணி நேர வேலை. புல்கட்டுகளை மாற்றுவதற்கோ கூலியும் நாளும் மிகுதி. சிதறிக் கழிவதும் மிகுதி. பாதை மாறும் சந்திப்பு ஒவ்வொன்றும் புல்லின் விலையை ஒருபடி உயர்த்திற்று.

இவ்விடத்தில் தீவன விலைக்குரிய தனித்தன்மை ஒன்றைக் கவனிக்கவேண்டும். பஞ்சத்தில் தானியத்தின் விலை ஏறும்போது அதனை உண்ணும் மனிதனின் கையிலுள்ள உழைப்பின் மதிப்பு குறைகிறது. அவ்வாறே தீவனத்தின் விலை ஏறும்போது அதனைத் தின்னும் மாட்டின் விலை சரிகிறது. மாட்டை வைத்திருக்கவேண்டுமானால் நாள்தோறும் வாங்கவேண்டிய புல்லுக்குப் பணம் வேண்டும். விற்கலாமென்றால் சந்தையில் எல்லாரும் விற்கவே வந்திருப்பார்கள், வாங்குவோர் இரார். சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தின் முழுச் சேமிப்பாக இருந்த உழவுமாடு ஒரு பருவத்திற்குள் தோலின் விலைக்கு இறங்கிவிடும். அடுத்த ஆண்டு மழை பெய்ததும் புல் மலிந்துவிடும். அப்பொழுது மாட்டின் விலை மேலே ஏறும். மலிவாக விற்றவனே விலை கொடுத்து வாங்கவேண்டியவனாகிறான்.

1900-ஆம் ஆண்டு மழை திரும்பியபோது குஜராத்தில் நேர்ந்தது இதுவே. நிலம் ஈரமாகியது, ஏர் பூட்ட மாடில்லை. மாடு வாங்குவதற்கு அரசாங்கம் தக்காவிக் கடன் வழங்கவேண்டியதாயிற்று. ஆண்டனி மக்டானலின் தலைமையில் 1901-இல் அறிக்கை அளித்த பஞ்ச ஆணையம், மனிதருக்கு வேலையும் உணவும் தருவதோடு நில்லாமல் கால்நடைகளைக் காப்பதைப் பற்றியும் ஆராய நேர்ந்தது. மாடு இறந்தால் பஞ்சம் மழையோடு முடியாது, பல ஆண்டுகள் நீளும் என்பதை அந்த ஆண்டு புலப்படுத்திற்று.

உழவனுக்குக் கிடைக்காத ஏற்பாடு படைக்குக் கிடைத்திருந்தது. குதிரைப்படைகளுக்குப் புல்லறுத்துக் கொணர்வதற்கென்றே 'கசியாரா' எனப்படும் புல்வெட்டிகள் அமர்த்தப்பட்டிருந்தனர். பாளையங்களில் பாலும் தீவனமும் தடையின்றிக் கிடைப்பதற்கு இராணுவப் பண்ணைகள் ஏற்பட்டன. அவற்றுள் முதலாவது 1889-இல் அலகாபாத்தில் தொடங்கப்பெற்றது. 132 ஆண்டுகள் நடந்து, 2021-இல் இப்பண்ணைகள் மூடப்பெற்றன. சொந்தப் புல்வெளியும் சேமிப்பும் உடையவனைச் சந்தை விலை அதிகம் தொடுவதில்லை என்பதற்கு அவை சான்றாக இருந்தன.

சுதந்திரத்துக்குப் பிறகு தீவனத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அரசாங்கம் தனி இடம் அளித்தது. 1962-இல் ஜான்சியில் இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1964-இல் குஜராத்தில் ஆனந்துக்கு அருகே கஞ்சரியில், கேடா மாவட்டப் பால் கூட்டுறவின் கால்நடைத் தீவனத் தொழிற்சாலையைப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி தொடங்கி வைத்தார். சப்பனியாவில் மாடுகளை இழந்த அதே கேடா மாவட்டம் இன்று பாலுக்குப் பெயர் பெற்று விளங்குகிறது.

ஆயினும் அதே பத்தாண்டில் வயலில் நிகழ்ந்த வேறொரு மாறுதல் வைக்கோலின் விலையை வேறு வழியில் பாதித்தது. 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. குட்டைப் பயிர் உரத்தைத் தாங்கிச் சாயாமல் நின்று மணியை மிகுதியாகத் தந்தது; மணிக்கு மணி ஒப்பிட்டால் தாளைக் குறைவாகவே தந்தது. 1964-இல் வெளியான முதற் கலப்பினச் சோளமாகிய சி.எஸ்.எச்.-1 என்பதும் குட்டை வகையே. மகாராஷ்டிரத்து உழவர் பலர் அதன் விளைச்சலைக் கண்டும் முழுமனத்தோடு ஏற்கவில்லை. 1930-களில் சோலாப்பூர் மாவட்டத்து மோஹோலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மால்தண்டிச் சோளத்தையே ராபிப் பருவத்தில் விடாது பயிரிட்டனர். வெளியிலிருந்து பார்ப்போர் இதனைப் பழமைப் பிடிப்பு என்று எண்ணினும் எண்ணலாம். உழவனோ மணியை மட்டுமன்றித் தட்டையையும் சேர்த்தே கணக்கிட்டான்.

அவன் கணக்குத் தவறில்லை என்பதைப் பிற்காலத்து ஆய்வு மெய்ப்பித்தது. தக்காணத்தில் 1970-களின் தொடக்கத்தில் சோள மணியின் விலை தட்டையின் விலையைப் போல் ஏறக்குறைய 6 மடங்காக இருந்தது. 1990-ஆம் ஆண்டளவில் அது ஏறக்குறைய 3 மடங்காகக் குறைந்துவிட்டது. அதாவது தானியத்தோடு ஒப்பிடத் தட்டையின் மதிப்பு இருமடங்காயிற்று. ஐதராபாத் நகரத்துத் தட்டை வணிகரிடம் பின்னர் நடந்த ஓர் ஆய்வு மற்றோர் உண்மையையும் காட்டியது. பல பகுதிகளிலிருந்து வந்த தட்டைகளை அவ்வணிகர் தரம் பிரித்து வெவ்வேறு விலைக்கு விற்றனர். ஆய்வாளர் அவற்றைச் சோதித்தபோது, மலிவான வகையில் செரிக்கும் பகுதி 47 சதவீதமும் உயர்ந்த வகையில் 52 சதவீதமும் இருந்தன. இந்தச் சிறு வேற்றுமைக்காக விலையில் 25 சதவீத அளவுக்கு வேற்றுமை இருந்தது. ஆய்வுக்கூடம் எதுவுமின்றி, கண்ணாலும் கையாலுமே வணிகரும் மாட்டுக்காரரும் கண்டறிந்த தரம் அது. ஆகவே விலை வேற்றுமை முழுவதும் தூரத்தின் விளைவென்று கொள்ளலாகாது. மண்ணும் பயிர் வகையும் அதில் பங்கு பெறுகின்றன.

எனினும் தூரத்தின் பங்கு இன்னும் பெரிதே. பஞ்சாபில் ஆண்டுதோறும் சுமார் 2 கோடி டன் நெல்தாள் உண்டாகிறது. இயந்திரத்தால் அறுவடை செய்த வயலில் தாள் சிதறிக் கிடக்கிறது. கோதுமை விதைப்பதற்கோ சில வாரங்களே எஞ்சியிருக்கின்றன. கோதுமைத் தூடியில் பழகிய அம்மாநிலத்தார் பாசுமதி நீங்கலாகப் பிற நெல்தாளை மாட்டுக்கு இட அதிகம் விரும்புவதில்லை. நெல்தாளில் சிலிகா மிகுதி என்பது அவர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று. ஆகவே அதில் பெரும்பகுதி நெடுங்காலமாகத் தீக்கு இரையாகி வந்திருக்கிறது. அப்புகையை டில்லியில் வாழும் நம்மவர் நன்கறிவர். பஞ்சாபுக்கு அடுத்ததாகிய ராஜஸ்தானத்தின் மேற்கு மாவட்டங்களில், மழையில்லாத ஆண்டுகளில், மாடுகள் தாளின்றி மெலிகின்றன. எரியும் தாளைத் திரட்டி, இறுக்கிக் கட்டி, ஏற்றி, இறக்குவதற்காகும் செலவு, அத்தாளுக்கு வறண்ட பூமியில் ஓர் ஏழை மாட்டுக்காரன் தரக்கூடிய விலையைவிட மிகுதியாக இருக்கும்வரை இந்நிலை மாறாது.

தூரம் குறைந்த இடத்தில் வாணிகம் தானாகவே நடைபெறுவதையும் காண்கிறோம். தமிழ்நாட்டு வைக்கோல் லாரிகள் வாளையார் வழியாகவும் செங்கோட்டை வழியாகவும் கேரளத்துக்குச் செல்வது நாம் ஊருக்குப் போகும் வழியில் கண்ட காட்சியே. நெல்வயல் குறைந்து ரப்பரும் தென்னையும் மிகுந்த அம்மாநிலத்தில் வைக்கோலுக்கு நல்ல விலை. தமிழ்நாட்டிலோ அறுவடைக் காலத்தில் மிகுதி. இடைப்பட்ட தூரம் ஓரிரவுப் பயணம். இவ்விரு புறத்து விலைகளும் வண்டிக் கூலியின் அளவுக்கு ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன.

தூரத்தோடு சேர்ந்து ஆணைகளும் விலை வேற்றுமையை வளர்ப்பதுண்டு. 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து வெப்பத்தால் வட இந்தியாவில் கோதுமை விளைச்சல் குறைந்தது. பலர் கடுகுக்கு மாறியிருந்தமையால் தூடியும் குறைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் தீவனத்தின் மொத்த விற்பனை விலை, முந்தைய ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தது. அரியானாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் சில மாவட்ட நிர்வாகங்கள் தூடியை வெளியே கொண்டுபோகத் தடை விதித்தன. அம்மாவட்டத்து மாட்டுக்காரருக்கு அத்தடை ஆறுதலளித்தது. உள்ளூரில் விலை அடங்கியது. எல்லைக்கு அப்பால் ராஜஸ்தானத்து மாட்டுக்காரருக்கோ அதே தடை விலையை மேலும் உயர்த்தியது. விளைவித்த உழவனும் நல்ல விலையை இழந்தான். ஒவ்வொரு மாவட்டமும் தன் மந்தையைக் காப்பது குற்றமாகாது. ஆனால் எல்லா மாவட்டமும் ஒரே சமயத்தில் கதவடைத்தால், புல் விளையாத மாவட்டத்தின் மந்தைக்குப் போக்கிடமில்லை.

இதற்கு மாற்றாக மகாராஷ்டிரம் கைக்கொண்ட முறை, வறட்சிக் காலத்தில் மாடுகளை ஓரிடத்தில் சேர்த்துத் தீவனமும் நீரும் தருவதாகும். 2012-13-இலும் 2019-இலும் அங்கு நடைபெற்ற 'சாரா சாவணி' முகாம்களில் உழவர்கள் மாடுகளோடு வாரக்கணக்கில் தாமும் தங்கினர். வீட்டைவிட்டு முகாமில் தங்குவது துன்பமே. ஆயினும் மாட்டைத் தோலின் விலைக்கு விற்காமல் மழைவரை காப்பாற்றிக்கொள்ள அது வழி செய்தது. மாடு புல்லைத் தேடிச் சென்ற பழைய வழக்கத்தை, நீண்ட நடையின்றி நிறைவேற்றும் ஏற்பாடு என்றும் இதனைக் கூறலாம்.

தீவனப் பற்றாக்குறையை நாடு முழுவதற்கும் ஒரே எண்ணால் கூறுவதுண்டு. ஜான்சி நிலையம் 2013-இல் வெளியிட்ட ஆவணம் பசுந்தீவனத்தில் 35.6 சதவீதமும், உலர்தீவனத்தில் 10.95 சதவீதமும் குறைவு என்று கணித்தது. இத்தகைய சராசரி எண், ஓரிடத்து மிகுதியையும் மற்றோரிடத்து வறுமையையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு குறைவு என்றால் ஒவ்வொரு மாடும் பத்தில் ஒரு பங்கு குறைவாகத் தின்கிறது என்று பொருளாகாது. பஞ்சாபில் தாள் எரியும் அதே ஆண்டில் பார்மேரில் ஒரு தொழுவம் காலியாகிறது என்று பொருளாகலாம்.

ஆகவே தீவனத்தின் வரலாறு நமக்கு உணர்த்தும் கடமைகள் தெளிவாகவே உள்ளன. விளைந்த இடத்திலேயே தாளை இறுக்கிக் கட்டும் இயந்திரம் வேண்டும்; நல்ல ஆண்டில் மலிவாக வாங்கிச் சேமித்து வைக்கும் கிடங்கு வறண்ட பகுதியிலேயே வேண்டும்; வறட்சி ஆண்டில் வண்டிக் கூலியை அரசாங்கம் தாங்கவேண்டும். இவற்றுக்கு முன்னதாகச் சந்தையைக் கவனிக்கும் கண் வேண்டும். ஒரே சந்தையில் தட்டையின் விலை ஏறி, மாட்டின் விலை இறங்கத் தொடங்கிய வாரத்திலேயே த்ருணகால் வந்துவிட்டது என்று அறியவேண்டும். மாடுகள் விற்கப்பட்ட பிறகு வந்துசேரும் வைக்கோல் ரயிலால் உழவனுக்குப் பயன் சிறிது.

நகரத்தில் வாழும் நாம் இதில் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. மும்பையிலோ டில்லியிலோ பாலின் விலை ஓரிரு ரூபாய் ஏறும்போது, அது பால்காரரின் பேராசை என்று உடனே முடிவு கட்டாமல், அவ்வாண்டு எந்தச் சீமையில் மழை பொய்த்தது, அங்கே தூடியும் கடபாவும் என்ன விலைக்கு விற்கின்றன என்று கேட்டறியலாம். நாம் கொடுக்கும் அந்த ஓரிரு ரூபாயில் ஒரு பகுதியேனும் அச்சீமையின் சிறு மாட்டுக்காரரைச் சென்றடைந்தால், மழை வரும்வரை அவர் தம் மாட்டை விற்காதிருக்க அது உதவும்.